அசல் சான்றிதழ்

சூரத்
24-6-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கவிநிலா எழுதிக்கொள்வது. நானும் துர்காவும் சுகம். அவருக்கும் சுகம்தான். தறிக்கூடத்தில் வேலை அதிகம், வீட்டுக்கு வருவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காலையில் ஆக்கிய சோற்றை மூன்று வேளைக்கும் வைத்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விட்டீர்களா?

போனில் பேசினால் நான் ஒன்று கேட்க நீங்கள் ஒன்று சொல்வீர்கள். எதிர்வீட்டு அன்பழகன் அண்ணன் போனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் குருசுக்குப்பமே படித்த பிறகுதான் உங்களிடம் வரும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்டாஃப் நர்ஸ் வேலை தருகிறேன் என்கிறார்கள். தங்க குவார்ட்டர்ஸ் உண்டு. துர்காவைப் பார்த்துக்கொள்ளவும் உள்ளேயே இடம் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கவுன்சிலில் இருக்கிற என் நர்ஸ் பதிவை இந்த மாநிலத்துக்கு மாற்றினால்தான் வேலை. தடையில்லாச் சான்றை இங்கிருந்தே கேட்டு வாங்கிவிட்டேன். இனி அசல் பதிவுச் சான்று ஒன்றுதான் பாக்கி. அம்மாவின் பீரோவில் பச்சை ஃபைலில் இருக்கும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பதிவு மாற்றம் முடிய வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா, இந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

துர்கா உங்களுக்கு ஒரு முத்தம் கொடுத்திருக்கிறாள். கடிதத்தின் மூலையில் இருக்கிற எச்சில் அதுதான்.

உங்கள் மகள்,
கவிநிலா


குருசுக்குப்பம், புதுச்சேரி
3-7-2024

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

அப்பா கண்ணையன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். அங்கே பேத்தியும் மாப்பிள்ளையும் நீயும் சௌக்கியம்தானே. எச்சில் கிடைத்தது.

போஸ்ட்மேன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடிதத்தை வீசிவிட்டுப் போயிருக்கிறான். நல்லவேளை, சாம்பாரில் விழவில்லை. முப்பது வருஷம் மில்லில் தறிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி என்ன பிரயோஜனம்? சேதராப்பட்டுக் கம்பெனியில் என்னை வாட்ச்மேனாக வைத்திருப்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. திருடன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வந்தால் பிடித்துவிடுவேன்.

பச்சை ஃபைலை எடுத்தேன். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. உன் போட்டோவில் ரெட்டைச் சடை. சடையோடு யாராவது நர்ஸ் படத்துக்கு நிற்பார்களா என்று உன் அம்மா அன்றைக்குச் சண்டை போட்டாள், ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் கொஞ்சம் உப்புக்காற்று பட்டிருக்கிறது. சூரத்தில் தெருவெல்லாம் வெள்ளம் என்று டிவியில் காட்டினான். தபால்காரன் நனைத்துவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? அதனால் ஒரு சின்ன வேலை செய்யக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குப் பெரிய மார்க்கெட் போய் வாங்கி வந்ததும் அனுப்புகிறேன். பார்த்தால் நீ அசந்துபோவாய்.

மாப்பிள்ளை ஒரு வரிகூட எழுதவில்லையே. என் மேல் இன்னும் கோபமா? ஒரு தறிக்காரன் இன்னொரு தறிக்காரனை நம்பவில்லை, அவ்வளவுதானே.

ஆயுளோடு இரு.
அப்பா


சூரத்
5-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை, அதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்.

சான்றிதழை அப்படியே ஒரு கவரில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்புங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். இங்கே கவுன்சிலில் அதன் முதுகில்தான் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. லேமினேஷன் செய்ததை வாங்கவே மாட்டோம் என்று கவுண்டரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு கேரளப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

உங்களுக்கு எதையும் பிளாஸ்டிக்கில் போட்டுவைக்கிற பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன். ரேஷன் கார்டை என்ன செய்தீர்கள் என்று தெரியும்.

மழை விடவில்லை. துர்காவுக்குச் சளி, பயப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
கவிநிலா


குருசுக்குப்பம்
22-7-2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் இரண்டாவது கடிதமும் கிடைத்தது. பேத்திக்குச் சளி என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. கற்பூரவல்லி அங்கே கிடைக்குமா? இங்கே ஜன்னல் ஓரத் தொட்டியில் தழைத்துக் கிடக்கிறது, பறிக்க ஆளில்லை.

எனக்கு நாலு நாள் காய்ச்சல். பிறகு கம்பெனியில் லீவு தரவில்லை. பிறகு தபாலாபீஸில் கூட்டம். பக்கத்து வீட்டு ராஜ்கமல் படகுக்குப் புது என்ஜின் வாங்கியிருக்கிறான், கடற்கரையில் பூஜை போட்டார்கள், எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். இந்த வருஷம் வஞ்சிரம் சரியாக வரவில்லை. மார்க்கெட்டில் தக்காளி விற்கிற விலைக்குப் புளியை மட்டும் கரைத்து ரசம் வைக்கிறேன்.

சான்றிதழ் விஷயம் ஞாபகத்தில் இருக்கிறது. அனுப்புவேன். நீ கவலைப்படாதே. இஸ்திரிப் பெட்டி பழுதாகிவிட்டது, அதைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.

பேத்தியைக் கேட்டதாகச் சொல்.
அப்பா


சூரத்
30-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

துர்காவுக்குச் சளி குறைந்துவிட்டது. உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா? மாத்திரை சாப்பிட்டீர்களா, அல்லது மிளகு ரசத்தோடு விட்டுவிட்டீர்களா?

ராஜ்கமல் அண்ணன் படகு, வஞ்சிரம், தக்காளி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் படித்தேன். நான் கேட்டதற்கு மட்டும் ஒன்றரை வரி. அப்பா, இன்னும் முப்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது. இங்கே கொடுத்த பிறகு அவர்களுக்கே பதினைந்து நாள் வேண்டும்.

வேலை பழகுவதற்காக இப்போதே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. போர்வைக்கு மேல் தெரியவில்லை, கட்டிலுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் நம் ஊரில் இதே மாதிரிப் பிரசவ வார்டில் இருந்தவள் நான். வயிற்றில் எங்கே கை வைத்து அழுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். ஆனால் பதிவு மாறாதவரை நோயாளி மேல் விரல் படக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். கட்டிலின் பக்கத்தில் நின்று கத்தினேன். எனக்குத் தெரிந்த குஜராத்தியில் பாதியும் தமிழில் மீதியும். சிஸ்டர் ஓடி வருவதற்குள் அந்தப் பெண்ணின் உதடு வெளுத்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள்.

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கவிநிலா


குருசுக்குப்பம்
8-8-2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பெண் பிழைத்தாள் என்ற வரியில் ஒவ்வொரு தடவையும் நிம்மதி வந்தது. நீ கத்தியதை நினைத்தேன். எனக்கே கேட்டிருக்கும் போல.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உன் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், நர்ஸிங் காலேஜ் மார்க் ஷீட் நாலு வருஷத்துக்கும், நடத்தைச் சான்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த அனுபவச் சான்று, சாதிச் சான்று, பள்ளிக்கூடத்தில் நீ எறிபந்தில் வாங்கிய சான்று, எல்லாம் அசல். நீ கேட்டதற்கு ஜெராக்ஸ் பழையது ஒன்று ஃபைலில் இருந்தது, அதையும் வைத்திருக்கிறேன். இவ்வளவையும் காட்டினால் மனுஷன் மனுஷனை நம்ப மாட்டானா? கேட்டுப் பார். கொஞ்சம் தன்மையாகப் பேசிப் பார்.

கருவாடு தனியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். மார்க் ஷீட்டில் வாடை ஏறாமல் இருக்க ஏழு பேப்பர் சுற்றினேன். நீ கேட்ட அந்த அசல் மட்டும் அடுத்த தபாலில் வரும்.

மாப்பிள்ளைக்கு நெத்திலி பிடிக்கும் என்று தெரியும். அவரைச் சாப்பிடச் சொல்.
அப்பா


சூரத்
17-8-2024

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

பார்சல் வந்தது. எறிபந்துச் சான்றை வைத்து நான் ஊசி போட முடியாது. ஜெராக்ஸை நீட்டினேன், கவுண்டரில் இருந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. தன்மையாகத்தான் பேசினேன். பின்னால் நின்ற கூட்டம் சிரிக்கிற அளவுக்குத் தன்மையாக.

எனக்கு இப்போதுதான் புரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கிளம்பின அன்றைக்கு வாசலில் நின்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பேப்பர் இங்கயே கெடக்கட்டும். எப்பிடியும் நீ திரும்பித்தான் வரப்போற." அவர் அவ்வளவு பேர் முன்னால் தலை குனிந்து நின்றார். நானும் வீம்பில் ஃபைலைத் தொடாமல் வந்துவிட்டேன். இப்போது அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள், இல்லையா? அசல் உங்கள் கையில் இருக்கிறவரை நான் இங்கே வேர் விட முடியாது. அதுதானே உங்களுக்கு வேண்டும்?

நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். பீஸ் கட்டுவதற்காக இரண்டு ஷிப்ட் பார்த்த அப்பா. பதிவுச் சான்று வந்த அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்த அப்பா. இன்னும் பதினாலு நாள். இனி நான் எழுதப்போவதில்லை. அனுப்புங்கள், அல்லது கிழித்துப் போடுங்கள்.

கவிநிலா


குருசுக்குப்பம்
24-8-2024

என் கண்ணே கவிநிலா,

உன் அப்பா எழுதுவது. உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இதைப் படித்த பிறகு நீ விசாரிப்பாயோ என்னவோ.

கிழித்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதை முன்னாலேயே செய்துவிட்டேன்.

உன் முதல் கடிதம் வந்த மறுநாளே மார்க்கெட் பக்கத்தில் ஹரிகிருஷ்ணன் கடையில் லேமினேஷனுக்குக் கொடுத்தேன். நல்ல கெட்டி பிளாஸ்டிக் போடச் சொன்னேன். நீ வெள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாத மாதிரி. ஒரு வாரம் இழுத்தடித்துத்தான் கொடுத்தான், ஆனால் கண்ணாடி போலப் பளபளவென்று வந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் காட்டினேன். கவரில் போட்டு விலாசமும் எழுதிவிட்டேன். அப்போதுதான் உன் இரண்டாவது கடிதம் ஜன்னல் வழியாக விழுந்தது.

ஹரிகிருஷ்ணனிடம் ஓடினேன். "போட்டா போட்டதுதான் பெரியவரே, பிரிக்க முடியாது" என்று கையை ஆட்டிக் காட்டினான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத் திமிர். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிபோட்ட கை, ஒரு பிளாஸ்டிக்கைப் பிரிக்காதா என்று. இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடு பண்ணி வைத்தேன். ஒரு ஓரம் பிரிந்தது. சந்தோஷத்தில் இழுத்தேன். பேப்பர் தோல் உரிகிற மாதிரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. உன் படமும் முத்திரையும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டன. கீழே இருக்கிற பேப்பரில் படம் இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. ரெட்டைச் சடையோடு உன் முகம் மட்டும் என் கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் அழுதது இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.

தொலைந்துபோனதாகப் போலீஸில் எழுதிக் கொடுத்தால் சுலபமாக வேறு வாங்கலாம் என்று அன்பழகன் சொன்னான். போனேன். நம் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் பொய் வரவில்லை. வீட்டிலேயே இருக்கிற பொருளைத் தொலைந்தது என்று எப்படிச் சொல்வேன்? திரும்பிவிட்டேன். பிறகு கவுன்சில் ஆபீஸுக்கே போனேன். ஒரு நாள் இல்லை, ஆறு நாள். கம்பெனியில் சம்பளம் இல்லாத லீவு. அங்கே பெயரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் எழுந்து உள்ளே போவார்கள், நான் உட்கார்ந்தே இருப்பேன். மூன்று நாள் அப்படியே போனது. நாலாவது நாள் கதவருகிலேயே நின்று எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் தவறிவிட்டது.

ஆறாவது நாள் ஆயம்மா என்று பெயருள்ள ஒரு கிளார்க் அம்மா வெளியே வந்து என்னை உட்கார வைத்து ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். கெட்டுப்போன சான்றைத் திருப்பிக் கொடுத்தால் மாற்றுச் சான்று தருவார்களாம். அதற்கு நீதான் நேரில் வர வேண்டும், கையெழுத்தும் கைரேகையும் வைக்க வேண்டும், அப்பா போதாது என்று எழுதியிருந்தாள். வந்த பிறகும் இரண்டு மூன்று மாசம் ஆகுமாம். ஆகஸ்டுக்குள் நடக்காது. நீ வர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

உன்னைத் தடுக்க நினைத்தேனா என்று கேட்டாய். சத்தியமாக இல்லை. ஆனால் அன்றைக்கு வாசலில் அப்படிச் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருந்தால் ஃபைல் உன்னோடு போயிருக்கும். ஒரு மாசத்துக்கு மேல் உன்னிடம் மறைத்ததும் நான்தான். எப்படியாவது வேறு வாங்கி அனுப்பிவிட்டால் உனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன்.

உன் பாவி அப்பன்,
கண்ணையன்


சூரத்
19-9-2024

அப்பாவுக்கு,

துர்கா நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனது. முன்னால் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போதும் கை வரவில்லை. ஆனால் நானும் ஒன்றை மறைத்தேன், அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை.

அவர் இங்கே இல்லை. மார்ச் மாசம் தறிக்கூடத்தை மூடினார்கள். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று போனார். ஏப்ரலில் போன் நம்பரை மாற்றிவிட்டார். அங்கே அவரோடு வேறொருத்தி இருக்கிறாள் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். உங்களுக்கு எழுதினால், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வரி வருமே என்று பயந்தேன். நீங்கள் அனுப்பிய நெத்திலியைத் துர்காவும் நானும்தான் சாப்பிட்டோம்.

வேலை பழகப் போகிறேன் என்று எழுதினேன் இல்லையா? நான் அங்கே தரை துடைக்கிறேன், பெட்பேன் கழுவுகிறேன். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போனபோது என் கையில் இருந்தது மாப்புக் கட்டை. அதனால்தான் நான் கத்தியதை முதலில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டாஃப் நர்ஸ் இடத்துக்கு இரண்டாம் தேதி வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண். நேற்று அவளுக்கு ஊசி டிரே எங்கே இருக்கிறது என்று நான்தான் காட்டினேன். குவார்ட்டர்ஸும் போனது. இப்போது இருக்கிற அறையை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. பகலெல்லாம் அழாமல் இருப்பதே ஒரு வேலையாக இருக்கிறது.

நான் வர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். ஆபீஸ் சொல்வது இருக்கட்டும். அப்பா, நீங்கள் சொல்கிறீர்களா?

கவிநிலா


குருசுக்குப்பம்
25-9-2024

கவிநிலா,

வா.

இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். நலம் விசாரிப்பை நேரில் வைத்துக்கொள்ளலாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், மாசம் முடிவதற்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு தடவை அன்பழகன் போனிலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குருசுக்குப்பமே படிக்கட்டும்.

நான் அப்பவே சொன்னேனே என்ற வரி என்னிடம் இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. உன் சான்றிதழைக் கிழித்த கை இது, அந்த வரியை எழுத அதற்கு என்ன யோக்கியதை?

ஆயம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நீ எந்த நாள் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுவிடுவதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கெட்டுப்போன பேப்பரின் இரண்டு பாதியையும், உன் முகம் ஒட்டின பிளாஸ்டிக்கையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். உடனே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மூணு மாசம் ஆகும், நாலு ஆனாலும் ஆகும். அதுவரை உனக்கு இங்கேயும் நர்ஸ் வேலை கிடைக்காது என்று தெரியும். நம் மூன்று பேருக்கும் வாட்ச்மேன் சம்பளம்தான். வந்த பிறகு நீ சூரத்துக்கே போ, வேறு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ, நான் வாசலில் நின்று ஒரு சொல் சொல்ல மாட்டேன். புதுச் சான்று வந்தால் அதை நான் தொடவும் மாட்டேன். உன் கையிலேயே வைத்துக்கொள்.

ஒரு விஷயம். நீ எந்த ரயிலில் வருவாய், எத்தனை மணிக்கு வந்து சேருவாய் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. தட்டாதே, அதுவும் கேட்காது. இன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அப்பா